ஒஜிப்வே: கசற்றில் விட்ட இடைவெளி

கனடாவில சொந்தக்காரர் இருக்கிற எங்கட வீடுகளில் மிசிசாகா என்ற பெயர் தெரியாத ஆள் இல்லை. மாமி அங்க இருக்கிறா, சித்தப்பா அங்க வீடு வாங்கிட்டார் எண்டு கேட்டே வளர்ந்திருக்கிறோம். நகரத்துக்கு வருமுன் அது ஒரு மக்களின் பெயர். மிசிசாகா மக்கள் அனிஷினாபே என்ற பெரிய இனக்குழுமத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களின் மொழியை வெளியார் ஒஜிப்வே என்பார்கள், பழைய பத்திரங்களில் சிப்பெவா என்றும் இருக்கும். அவர்கள் தாங்களே சொல்வது அனிஷினாபேமொவின். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் கிடக்கிற பேரேரிகளைச் சுற்றி, ஒன்ராறியோ, மனிற்றோபா, மின்னசோட்டா, விஸ்கொன்சின் என்று பரந்து கிடக்கிற மொழி அது.

இந்த மொழியை இன்று கசற், இறுவட்டு, கைபேசி என்று காதால் படிக்கிற பெடியள் இருக்கிறார்கள். ஏன் காதால்? புத்தகம் இல்லாததாலா? புத்தகம் எப்போதோ வந்துவிட்டது. பிரெடரிக் பராகா என்ற ஸ்லோவேனியப் பாதிரியார் 1850இல் இலக்கணமும் 1853இல் அகராதியும் அச்சிட்டார். அகராதி அலுமாரியில் பத்திரமாக இருக்க, மொழி வாயில் இருந்து போனது.

போனது என்று சொல்வதும் சரியில்லை, பிடுங்கப்பட்டது. 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் விடுதிப் பாடசாலை தொடங்கியது. அதன் மாதிரியில் அமெரிக்கா முழுக்கப் பாடசாலைகள் வந்தன. கனடாவிலும் இதே கதைதான். அங்கே குறைந்தது 150,000 பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளுக்கூடாகப் போனதாக உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு கணக்குச் சொன்னது. தாய்மொழியில் வாய் திறந்த பிள்ளைக்குத் தண்டனை. அப்படி வளர்ந்தவர்களில் பலர் தங்கட பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைத்தார்கள். அது அன்பில்லாமல் செய்த வேலை இல்லை, தாங்கள் வாங்கின அடி பிள்ளைக்கு விழக்கூடாது என்ற பயம். கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

பிள்ளைகளின் வாயை மூடிய அதே காலத்தில் பெரியவர்களின் குரலைச் சேகரிக்கவும் ஆட்கள் வந்தார்கள் என்பது தான் விசித்திரம். 1907இல் பிரான்சிஸ் டென்ஸ்மோர் மின்னசோட்டாவில் ஒஜிப்வே பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். 1910இலும் 1913இலும் இரண்டு தொகுதிகளாகப் புத்தகமும் வந்தது. பெரிய உழைப்பு, குறைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் அந்தப் பதிவுகளுக்குப் பின்னால் இருந்த எண்ணம், இந்த மக்கள் மறையப் போகிறார்கள், அதற்குள் குரலைப் பிடித்து வைப்போம் என்பது. பாடகர் பாடுவார், உருளை சுற்றும், கேட்கிறவர் பேசாமல் இருப்பார். திருப்பிப் பாட வேண்டிய பேரப்பிள்ளைக்கு அந்த உருளையில் இடம் இல்லை.

படிப்பதற்கான ஒலிப்பாடம் வேறு சாதி. போல் பிம்ஸ்லர் என்ற அமெரிக்கர் 1967இல், கேட்ட சொல்லை எந்தெந்த இடைவெளியில் திரும்பக் கேட்டால் மறக்காது என்று எழுதினார். அவர் 1976இல் இறந்துபோனார். அவரது முறையில் பின்னாளில் ஒஜிப்வேக்கும் பாடம் வந்தது. முறை எளிது. ஆங்கிலக் குரல் ஒன்று 'இதை எப்படிச் சொல்வாய்?' என்று கேட்கும். பிறகு சில விநாடி மௌனம். அதற்குப் பிறகுதான் சரியான விடை. அந்த மௌனம் படிக்கிறவருடையது. அவர் வாய் திறக்க வேண்டும், பிழையாக எண்டாலும். பாட்டிக்கு அடி வாங்கித் தந்த அதே காரியத்தைப் பேத்தி அந்தச் சில விநாடிக்குள் செய்கிறாள்.

எங்களுக்கு இந்தப் பாடங்களில் பிடித்த இடம் ஒன்று. ஒஜிப்வேயில் 'நாங்கள்' இரண்டு. நீனவிந்த் என்றால் கேட்கிறவரைச் சேர்க்காத நாங்கள், கீனவிந்த் என்றால் கேட்கிறவரும் சேர்ந்த நாம். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பந்தி வேணும், தமிழுக்கு இரண்டு சொல் போதும். (எங்கட பேச்சில் இரண்டுக்கும் 'நாங்கள்' எண்டு சொல்லிக் கடக்கிறதும் உண்டு.) குறில் நெடில் வித்தியாசம் அங்கேயும் பொருளை மாற்றும். திணையும் உண்டு, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. உயிருள்ளவை என்ற பக்கத்தில் மனிதரோடு மரமும் இருக்கும், அசினும் இருக்கும். அசின் என்றால் கல், நடிகை இல்லை. விடைபெறும்போது கிகவாபமின் என்பார்கள், 'உன்னைப் பார்ப்பேன்' என்று பொருள். நாங்கள் 'போட்டு வாறன்' என்கிறது மாதிரி.

ஒலிப்பாடத்தால் எல்லாம் நடக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. இவ்வகைப் பாடங்களின் பொது அச்சு பயணிக்காக வார்த்தது: சந்திப்பு, சாப்பாடு, வழி கேட்பது. ஒஜிப்வே படிக்கிற பெடியனுக்கு ஹோட்டல் தேட வேண்டியதில்லை, அம்மம்மா சொல்கிற கதை விளங்க வேண்டும். புனிதக் கதைகளைப் பனிகாலத்தில் மட்டுமே சொல்வது அவர்கள் வழக்கம். இறுவட்டு ஆடி மாதத்திலும் சுழலும், அதுக்குப் பருவம் தெரியாது. இவ்வளவு தூரம் பரந்த மொழியில் ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். ஒரு பாடத்தில் பதிந்த குரல் பக்கத்து ஏரிக்காரருக்கு அந்நியமாகக் கேட்கலாம். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஒஜிப்வே இணைய அகராதி இந்த விஷயத்தில் கவனமானது. சொல்லை அழுத்தினால் அந்த மொழியில் வளர்ந்தவரின் குரல் வரும், யாருடைய குரல் என்றும் தெரியும்.

குரலோடு ஆளும் வேண்டும் என்று நினைத்தவர்கள் விஸ்கொன்சினில் 2000ஆம் ஆண்டையொட்டி வாடூக்கோடாடிங் என்ற பாடசாலையைத் தொடங்கினார்கள். ஒருவருக்கொருவர் உதவுகிற இடம் என்று பொருள். அங்கே கணக்கும் ஒஜிப்வேயில் தான்.

2024 ஆகஸ்டில் வின்னிபெக்கில் 'ஸ்டார் வோர்ஸ்' முதற்படம் ஒஜிப்வேக் குரலில் திரையிடப்பட்டது. டார்த் வேடர் இப்ப அனிஷினாபேமொவின் கதைக்கிறார்.