வாஷிங்டனுக்கு ரயிலேறிய படிகங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் மயில்துத்தப் படிகம் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். நூலில் தொங்கும் விதைப்படிகம் நகமளவு வளர்வதற்குள் யாராவது மேசையை இடித்தால் போச்சு. அதனால் கோபால்ட் சோதனையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அதன் படிகங்களிடம்தான் போய் நிற்கும்.

இடம், வலம் என்று இயற்கை பேதம் பார்ப்பதில்லை என எல்லோரும் நம்பிய காலம். பீட்டா சிதைவில் அதை யாரும் சோதிக்கவே இல்லையே என்று 1956-இல் இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் கேட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்துச் சியென்-ஷியுங் வூ அப்போது கணவரோடு கப்பலேற இருந்தார். சீனாவை விட்டு வந்து இருபது வருடம். கணவரைத் தனியே அனுப்பிவிட்டுச் சோதனைக்காக இருந்துவிட்டார்.

கோபால்ட்-60 அணுக்கருக்கள் எல்லாம் ஒரே திசையில் சுழல வேண்டும். வெப்பம் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்குதான் இருக்கலாம். அந்தக் குளிர் வாஷிங்டனில், தேசியத் தரநிர்ணய நிலையத்தில், ஆம்ப்ளரிடமும் அவருடைய மூன்று சகாக்களிடமும் இருந்தது.

முதல் முயற்சியில் ஒழுங்கு சில நொடிகளே நின்றது. மெல்லிய கோபால்ட் பூச்சைச் சுற்றிலுமிருந்த சூடு தாக்கிவிட்டது. சீரியம் மக்னீசியம் நைட்ரேட் படிகங்களாலேயே அதற்கொரு வீடு கட்ட முடிவானது. கடையில் கிடைக்கிற பொருளா அது? வூவும் ஒரு மாணவியும் பீக்கரில் வளர்த்தார்கள். சுமார் பத்துப் பெரிய படிகங்களைப் பொதிந்து ரயிலில் கொண்டுபோன நாளின் பூரிப்பை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அங்கே பல் மருத்துவர் துளைக்கருவியால் துளையிட்டார்கள். கடுங்குளிரில் பசை விட்டுப்போனது. கடைசியில் நைலான் நூலால் கட்டினார்கள். நூல் நின்றது.

சிதைவில் வெளிப்பட்ட எலக்ட்ரான்கள் சுழற்சி அச்சுக்கு எதிர்ப்பக்கமே அதிகம் பாய்ந்தன. அணுக்கருக்களை ஒழுங்குபடுத்திய காந்தப்புலத்தைத் திருப்பினால் பாயும் பக்கமும் திரும்பியது. படிகம் சூடேறியதும் வேறுபாடு மறைந்தது. அச்சுக்கு இணையாக நிறுத்திய கண்ணாடியில் சுழற்சி மட்டும் மாறும், பாயும் பக்கம் மாறாது. கண்ணாடிக்குள் தெரியும் அந்த நிகழ்ச்சி நம் உலகில் நடப்பதே இல்லை.

1957 ஜனவரி 9, அதிகாலை 2 மணி. அந்த மூன்று சகாக்களில் ஒருவரான ஹட்சன் மேசை இழுப்பறையிலிருந்து ஒயின் புட்டியை எடுக்க, காகிதக் கோப்பைகளில் குடித்தார்கள்.

அந்த வருட நோபல் லீக்கும் யாங்குக்கும் போனது. வூவுக்கு இல்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரோ பிற்பாடு கிளீவ்லாந்து அருகே உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கி, இன்னும் அரிதான ஒன்றைத் தேடினார்: கால்சியம்-48-இன் இரட்டை பீட்டா சிதைவு. அதன் அரை ஆயுள் பல லட்சம் கோடி கோடி ஆண்டுகள். அவருக்கு அது அகப்படவில்லை.