முத்துக்கரைக் கப்பித்தான் பிறந்த கதை

தூத்துக்குடியின் திரேஸ்புரத்திலிருந்து இன்றும் வல்லங்கள் சங்கு குளிக்கப் போகின்றன. முத்துதான் இல்லை. அரசு நடத்திய கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-ல் முடிந்துபோனது. ஆனால் இந்தக் கரையை யார் ஆள்வது என்பது ஒரு காலத்தில் முத்தை வைத்தே முடிவானது. கோட்டை இல்லை, படை இல்லை, சொந்தமென்று ஒரு துண்டு நிலம் இல்லை. அப்படிப்பட்ட கரைக்குக் கடல் கடந்து வந்த ஓர் அரசு ஓர் அதிகாரியை நியமித்தது. கப்பித்தான் என்பது அவருடைய பதவி. கன்னியாகுமரி தொட்டு ராமேசுவரம் வரைக்கும் போர்த்துக்கீச மன்னரின் ஆள் அவர்.

அந்த நாற்காலியைப் போர்த்துக்கீசியர் புதிதாகச் செய்யவில்லை. ஏற்கெனவே ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். 1516 வாக்கில் இந்தக் கரையைப் பற்றி எழுதிவைத்த துவார்த்தே பார்போசா, காயலில் நடந்த பங்குக் கணக்கைச் சொல்கிறார். வெள்ளி தவிர வாரம் முழுக்கக் குளியாளிகள் எடுப்பது அவர்களுக்கு. வெள்ளிக்கிழமை எடுப்பது படகுக்காரருக்கு. சலாபம் முடியும்போது ஒரு முழு வாரம் எடுப்பது குத்தகைதாரருக்கு. ஊர் கொல்லத்து ராஜாவுடையது. முத்துக்குத்தகை வைத்திருந்தவரோ பெரும் செல்வரான ஒரு முஸ்லிம் வணிகர். ராஜாவின் பேச்சைவிட அவர் பேச்சுக்கே அங்கே மதிப்பு அதிகம். நிலத்துக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர் என்ற இந்த ஏற்பாட்டைப் பார்த்த கொச்சிப் போர்த்துக்கீசியருக்கு ஒன்று விளங்கியது. நிலத்தைப் பிடிக்க வேண்டாம், அந்த ஒரு வாரத்தைப் பிடித்தால் போதும்.

1523-ல் ஜோவாம் ப்ளோரஸ் என்பவரைக் கப்பித்தானாகவும் வணிக முகவராகவும் சேர்த்து நியமித்தார்கள். ஆண்டுக்கு 1500 குருசாது (போர்த்துக்கீச நாணயம்) கப்பம் என்று பேசி முடித்தார் அவர். படகுகளோடு வருவார், சலாபத்தின்போது நிற்பார், பணத்தை வாங்குவார், போவார். ஆளுநர் என்பதைவிட இவரைத் தண்டல்காரர் என்று சொல்வதே பொருத்தம். கப்பம் கட்டியவர்களுக்கு இவரால் என்ன லாபம் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தது. கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம்களுக்கும் குளியாளிகளான பரதவருக்கும் இடையே தகராறு மூண்டது. பணியாரம் விற்கப் போன பரதவப் பெண் ஒருத்தியை அவமதித்ததில் தொடங்கி, அவள் கணவன் காது கடுக்கனோடு அறுபட்டதில் போய் முடிந்தது என்று சேசு சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள். தீப்பொறி அதுவாக இருக்கலாம். விறகு அந்த வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே அடுக்கியிருந்தது என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில் குமரிப்பக்கம் குதிரை விற்க வந்திருந்தவர் ஜோவாம் தா குருஸ். மலையாளக் கரைக்காரர், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி இவரை இளவயதில் லிஸ்பனுக்கு அனுப்பியிருந்தார், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். போர்த்துக்கீசியரிடம் போங்கள் என்று பரதவரின் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு யோசனை சொன்னது இவர்தான். பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். 1535-லிருந்து 1537-க்குள் கரையோர ஊர்கள் பலவும் மதம் மாறின. பரதவர் கேட்டது பாதுகாப்பு. ஞானஸ்நானம் முதலில் வந்தது. பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது 1538-ல் வந்தது. அந்த ஆண்டு மண்டபத்துக்கு அருகே வேதாளையில் சாமூதிரியின் கடற்படையைப் போர்த்துக்கீசத் தளபதி மார்த்தீம் அபோன்சோ தெ சோசா முறியடித்தார். அதற்குப் பிறகு கப்பித்தான் சலாபத்துக்கு மட்டும் வந்துபோகிறவராக இல்லை, கரையிலேயே தங்கினார். வழக்கு விசாரித்தார், கப்பலுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார், வரி வாங்கினார். தண்டல்காரர் அதிகாரியானது இப்படித்தான்.

அதிகாரம் வந்ததும் என்ன நடந்தது என்பதற்குக் கோஸ்மி தெ பைவா ஒருவர் போதும். 1543 வாக்கில் தூத்துக்குடியில் கப்பித்தானாக இருந்தவர். அவருடைய பேராசையையும் கிறிஸ்தவர்களை அவர் படுத்திய பாட்டையும் பற்றி, இந்தக் கரையில் வேதம் போதித்துவந்த சேசு சபைப் பாதிரியார் சவேரியார் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் கோபம் கொப்பளிக்கிறது. வடக்கிலிருந்து விஜயநகரப் படை இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கரையோரத்தார் அவர்களை வடுகர் என்றார்கள். அந்த வடுகருக்கே பைவா குதிரை விற்றார் என்று சவேரியாரின் வரலாற்றை எழுதியவர்கள் குற்றம் சாட்டுகிறார்கள்.

1544 செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியில் புகுந்தார்கள். கப்பித்தானின் கப்பல் எரிந்தது. கரையிலிருந்த வீடுகள் எரிந்தன. அவர் எதிரேயிருந்த தீவுகளுக்கு ஓடினார். அந்தத் தீவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்குச் செய்தி போயிற்று. இத்தனை நாள் யாரைத் திட்டி எழுதினாரோ அவரைக் காப்பாற்றச் சொல்லி உடனே எழுதினார். புன்னைக்காயல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தோணிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு இப்போதே புறப்படு என்று மன்சிலாசுக்கு ஒரு கடிதம். தோணிகளை அனுப்பச் சொல்லிப் பட்டங்கட்டிகளுக்கும் எழுதினார். காவலுக்கு என்று வந்தவருக்குக் கரையோரத்தார் தண்ணீர் கொண்டு போக வேண்டியிருந்தது! இந்தப் பதவியின் கதையில் இதைவிட உண்மையான பக்கம் வேறு இல்லை.

முத்துப் பணம் எங்கே போனது என்பதும் சுவையான கதைதான். இந்தக் கரையின் வருமானத்தில் ஒரு பகுதி போர்த்துக்கீச ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் ஆண்டுக்கு 4000 பணத்தை (பணம் என்பது அன்றைய நாணயம்) ஊர்தோறும் வேதம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிடச் சவேரியார் ஏற்பாடு செய்தார். மோட்சத்துக்கு நடக்க இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி வேறில்லை என்ற பொருளில் ராணிக்கு எழுதவும் செய்தார். பேச்சு சாமர்த்தியம் உள்ளவர்.

பைவாவுக்குப் பின் வந்தவர்களில் பெயர் சொல்லத்தக்கவர் மனுவேல் ரொத்ரீகஸ் கொத்தின்யோ. 1550-களில் புன்னைக்காயலில் இருந்தார். மண்சுவர்க் கோட்டை ஒன்றுதான் அவருக்கு இருந்த அரண். தமிழில் அச்சுப்புத்தகம் போட்ட அன்ரீக்கஸ் பாதிரியாரும் அதே ஊரில் இருந்தவர். சேசு சபையாரிடம் கொத்தின்யோவுக்கு நல்ல பெயர். நல்ல பெயர் கோட்டையாகிவிடாதே. 1553-ல் மலையாளக் கரையிலிருந்து இரப்பாலி என்பவர் கப்பல்களோடு வந்தார், நிலத்தில் வடுகர் அவருக்குத் துணை. ஊர் விழுந்தது. கப்பித்தானும் பாதிரியாரும் சிறைப்பட்டார்கள். கொச்சியிலிருந்து கில் பெர்னாண்டஸ் தெ கர்வாலோ வந்து இரப்பாலியைக் கடலில் தோற்கடிக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் தாக்குதல்கள். இந்தக் கரையில் கப்பித்தானை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று கோவாவிலிருந்த போர்த்துக்கீச அரசுக்குப் புரிய 1560 ஆயிற்று. யாழ்ப்பாணப் படையெடுப்பிலிருந்து திரும்பிய வைஸ்ராய் கொன்ஸ்தந்தீனோ தெ பிரகன்சா மன்னாரில் கோட்டை எழுப்பினார். கொத்தின்யோவை அதற்குக் கப்பித்தானாக்கினார். புன்னைக்காயல் பரதவரையும் அங்கே குடியேற்றினார்கள். இந்தக் கரைக்கென்று பிறந்த பதவிக்கு ஒருவழியாக நல்ல கோட்டை கிடைத்தது, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம். பரதவரில் பலர் அங்கே தங்கவில்லை, தங்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

பிறகு தூத்துக்குடி பெரிய ஊரானது, கப்பித்தான்களும் வந்துபோனார்கள். பரதவர் மதுரை நாயக்கருக்கும் வரி கட்ட வேண்டும், போர்த்துக்கீசியருக்கும் கட்ட வேண்டும். 1604-ல் நாயக்கரோடு பகை முற்றியபோது பாதிரிமார்களும் ஊராரில் பலரும் எதிரே இருந்த தீவில் போய்க் குடியிருந்தார்கள், சில ஆண்டுகளுக்குப் பிறகே திரும்பினார்கள். அப்போதும் கப்பித்தானால் அவர்களைக் கரையில் வைத்திருக்க முடியவில்லை.

என்னைக் கேட்டால் இந்தக் கரையை ஆண்டவர்கள் பட்டங்கட்டிகளும் அவர்களுக்கு மேலிருந்த ஜாதித் தலைவரும்தான். படகுகளைத் திரட்டியது, ஆளைச் சேர்த்தது, பணத்தைப் பிரித்துக் கட்டியது எல்லாம் அவர்கள் வேலை. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்ததோடு போர்த்துக்கீசக் கப்பித்தான் போய்விட்டார். ஜாதித் தலைவர் போகவில்லை. சலாபம் நடத்த டச்சுக்காரரும் பிறகு ஆங்கிலேயரும் அவரையே கூப்பிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை, சலாபத்தில் தமக்கென்று படகு இறக்கும் உரிமை அவரிடம் இருந்தது.