பாசவலும் உலரவலும்: அடுப்பின்றி உண்ணும் வழியுணவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உண்ணும் நேரத்தில் தீ மூட்ட வேண்டாத, பலநாள் கெடாத உணவு அவல். இதனால் சங்க காலத்து மக்களின் வழியுணவு அவலே எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. சங்கப் பாடல்கள் சுட்டும் பாசவல், பிற்காலத்தில் வழங்கும் உலர்ந்த அவலினின்றும் தன்மையால் வேறுபட்டது என்பதையும், அவ்வேறுபாடு வழியுணவு பற்றிய நம் புரிதலை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

கருச்சொற்கள்: பாசவல், உலரவல், ஆற்றுணா, தோட்கோப்பு, புளிச்சோறு, நுவணை.

முன்னுரை

நெடுவழி செல்வோர் உடன்கொண்டு செல்லும் உணவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்கிறது. கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலின் அவர்க்கு ஆற்றுணா வேண்டா என்பது அப்பாடலின் கருத்து. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்னும் சொல்லால் தோளில் கட்டிச் செல்லும் உணவைச் சுட்டி, அதனை அறத்திற்கு உருவகமாக்குகின்றது. பெரியபுராணத்தில் திருப்பைஞ்ஞீலி செல்லும் வழியில் பசியுற்ற திருநாவுக்கரசர்க்கு இறைவன் அளிப்பது பொதிசோறு. இச்சொற்கள் உணவு கட்டப்பட்ட முறையையும் அதன் பயனையும் உணர்த்துகின்றனவேயன்றி, அது பலநாள் கெடாதிருந்த வகையை உணர்த்தவில்லை. அதனை அறிய உணவுப் பொருள்களையே தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

சங்க இலக்கியத்தில் அவல்

முதற்கண் ஒரு சொல் தெளிவு தேவைப்படுகிறது. ‘அவல்’ என்பது பள்ளத்தையும் குறிக்கும். ஔவையார் பாடிய புறநானூற்று 187ஆம் பாடலில் அவல் என்பது மேடாகிய ‘மிசை’க்கு மறுதலையாக நிற்கின்றது. எனவே சொல்லடைவை மட்டும் கொண்டு உணவுக் குறிப்புகளை எண்ணுதல் பிழைக்கு இடமாகும்.

உணவாகிய அவலைச் சுட்டும் பாடல்களுள் நான்கு இங்கு நோக்கத்தக்கன. குறுந்தொகை 238இல், பாசவல் இடித்த மகளிர் உலக்கையை வயல் வரப்பில் கிடத்திவிட்டு வண்டல் விளையாடுகின்றனர். அக்காட்சி தொண்டி நகரின் வளமாகக் கூறப்படுகிறது. அகநானூறு 141இல், வயலில் வளைந்த நெற்கதிரை முறித்து மகளிர் பாசவல் இடிக்க, உலக்கையொலிக்கு அஞ்சிய குருகு வாழையை விட்டு மாமரத்திற்குச் செல்கின்றது. இது கரிகாலனின் இடையாற்று வளத்தைக் காட்டும் பகுதி. பதிற்றுப்பத்து 29இல், அவல் இடித்த மகளிர் உலக்கையை வாழையிற் சார்த்திவிட்டு வள்ளை கொய்கின்றனர். புறநானூறு 63இல், ஆம்பல் தண்டை வளையாக அணிந்த மகளிர் பாசவலை வாய்நிறையக் கொண்டு குளிர்ந்த நீரில் பாய்கின்றனர். சேர சோழ வேந்தர் இருவரும் பொருது மடிந்த களத்தைக் கண்ட பரணர், அத்தகைய நாடு இனி என்னாகுமோ என இரங்குமிடத்து இக்காட்சியை வைத்துள்ளார்.

இந்நான்கு பாடல்களுக்கும் பொதுவான கூறுகள் சில உண்டு. இடம் நீர்வளம் மிக்க மருத நிலமோ அதனை அடுத்த பகுதியோ ஆகும். அவல் இடிப்போரும் உண்போரும் மகளிர். இடித்தலும் உண்டலும் வயலுக்கும் நீர்த்துறைக்கும் அணித்தே நிகழ்கின்றன. பாலை வழியிற் செல்வோன் எவனும் இவற்றுள் அவலைச் சுமந்து செல்லவில்லை. பாசவல் இப்பாடல்களில் அறுவடைக்கால மகிழ்ச்சியின் அடையாளமாகவே நிற்கின்றது. பரணர் பாடலின் துயரம் ஆழ்வதும் இதனாலேயே: அரசர் வீழ்ந்தமையால் இழக்கப்படுவது அந்த அன்றாட இன்பம்.

பாசவல் நெடுநாள் தங்குமா?

பாசவல் என்பது பசுமை + அவல். முற்றி உலராத நெல்லை இடித்துப் பெறுவது. அறுவடைப் பருவத்து நெல்லில் ஈரப்பதம் பொதுவாக 20 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். நெல்லைச் சேமித்து வைக்க அது ஏறத்தாழ 14 விழுக்காட்டளவிற்குக் குறைதல் வேண்டும். ஈரம் மிக்க மணி உமி நீங்கி நசுங்கிய பின் பூஞ்சை பற்றுதற்கு எளிதில் இடமாகும். ஆகவே பாசவல் அன்றே உண்ணத்தக்க உணவாக இருந்திருத்தல் வேண்டும்.

இன்று வழங்கும் உலர்ந்த அவலை (இக்கட்டுரையில் ‘உலரவல்’) ஆக்கும் முறை வேறு. முற்றிய நெல்லை நீரில் ஊறவைத்து, வடித்து, சுடுமணலிலோ வெறுஞ்சட்டியிலோ வறுத்து, சூடு ஆறுமுன் இடித்து, உமி புடைத்து உலர்த்துவர். ஊறிய நெல்லின் மாப்பொருள் 60 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்தில் நீரை ஏற்று இளகும். சோறு வேகும்போது நிகழ்வதும் இதுவே. அதனால்தான் உலரவலை நீரில் நனைத்த அளவிலேயே உண்ண இயலுகின்றது. பச்சரிசியை எத்துணை நேரம் ஊறவைத்தாலும் அத்தன்மை வாராது. ஈரம் நீங்கிய உலரவல் பல வாரங்கள் கெடாது. தவிட்டெண்ணெய் எஞ்சியிருப்பதால் நாட்பட்டால் சிக்கு வாடை தோன்றும்.

எனவே அவலைச் ‘சமைக்காத உணவு’ என இயற்கை உணவு ஆர்வலர் இன்று வகைப்படுத்துவது ஓரளவே பொருந்தும். உண்போனுக்குத் தீ வேண்டா. ஆக்குவோள் அதனை முன்னரே பயன்படுத்திவிட்டாள். மேற்காட்டிய பாடல்கள் கதிர் முறித்தலையும் இடித்தலையும் கூறுகின்றன, வறுத்தலைக் கூறவில்லை. கூறாமை ஒன்றைக் கொண்டே வறுக்கும் வழக்கம் அன்று இல்லை எனத் துணிதல் கூடாது. ஆயினும் உலரவல் அன்று வழியுணவாக இருந்தது என்பதற்கு இப்பாடல்களைச் சான்றாக்குதலும் கூடாது.

சங்க கால வழியுணவு

அவ்வாறாயின் வழிச்செல்வோர் உண்டது யாது? அகநானூறு 311இல் புல்லியின் நாட்டுக் கோவலர், காளையின் கழுத்தில் கட்டிய மூங்கிற் குழாயிலிருந்து இனிய புளியுணவைத் தேக்கிலையில் இட்டு, பசியால் காதடைத்த வழிப்போக்கர்க்குப் பகுத்தளிக்கின்றனர். இதனைப் புளிச்சோறு என்பர் உரைகாரர். இது சமைத்த உணவு. புளியின் அமிலத்தன்மை நுண்ணுயிர் பெருக்கத்தைத் தடுப்பதால் வெறுஞ்சோற்றினும் நீண்டநேரம் கெடாது.

மலைபடுகடாம் சுட்டும் ‘நுவணை’ நுண்ணிதாக இடித்த மாவு. இடித்த மாவை நீரோ தேனோ சேர்த்து அவ்வாறே உண்ணலாம். முருக வழிபாட்டில் இன்றும் தேனும் தினைமாவும் படைக்கப்படுகின்றன. அடுப்பின்றி உண்ணும் உணவைச் சங்கப் பாடல்களில் தேடுவோர்க்குப் பாசவலினும் நுவணையே நெருக்கமான சான்றாகும்.

உலரவலின் பயணம்

அவல் பயணத்தொடு தெளிவாக இணைவது குசேலர் கதையிலாகும். பாகவத புராணத்தின் பத்தாம் கந்தத்தில், குசேலரின் மனைவி அயல்மனைகளில் நான்கு பிடி அவல் இரந்து பெற்றுக் கந்தைத் துணியில் முடிந்து கொடுக்க, அவர் அதனைத் துவாரகைக்குக் கொண்டு செல்கின்றார். கண்ணன் அதிலிருந்து ஒரு பிடியை அவ்வாறே வாயிலிடுகின்றான். துணியில் முடிதல், நெடுவழி கடத்தல், அடுப்பின்றி உண்ணல் என்னும் மூன்றும் உலரவலுக்கே பொருந்துவன. பாசவலைக் கொண்டு இக்கதை நடவாது. தேவராச பிள்ளை பெயரில் வழங்கும் குசேலோபாக்கியானம் இக்கதையைத் தமிழில் காப்பியமாக விரித்தது.

அருணகிரிநாதரின் விநாயகர் துதியில் அவலும் பொரியும் படையற்பொருள்களாக இடம்பெறுகின்றன. இன்றைய ஆயுத பூசையிலும் இவை தொடர்கின்றன. பலர்க்குப் பகிர்ந்தளிக்கவும் அவர்கள் இல்லம் கொண்டு செல்லவும் ஏற்றதாக இருந்தமை, உலர்ந்த படையற்பொருள்கள் நிலைபெற்றதற்கு ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

சங்கப் பாடல்களின் பாசவல் விளைந்த இடத்தில் அன்றே உண்ணப்பட்ட மருத நிலத்து உணவு. அக்கால வழியுணவுக்குப் புளிச்சோறு நேரிய சான்று. உலர்ந்து, கட்டிச் செல்லத்தக்கதாகிய அவலைக் குசேலர் கதை தெளிவுறக் காட்டுகின்றது. ஒரே சொல் நீடித்து வழங்குவதால் பொருளும் மாறாதிருந்தது எனக் கொள்ளுதல் உணவு வரலாற்றில் பிழையான முடிவுகளுக்கு வழிவகுக்கும். மேலும், வழிச்செல்வோன் அடுப்பின்றிப் பசியாறிய ஒவ்வொரு நேரத்தின் பின்னும், முன்னரே ஊறவைத்து, வறுத்து, இடித்த ஒருத்தியின் உழைப்பு உண்டு. பாடல்கள் உலக்கையொலியைப் பதிவு செய்திருப்பதால் அவ்வுழைப்பின் ஒரு பகுதியேனும் நமக்குக் கிட்டுகின்றது. வட்டாரங்களில் எஞ்சியுள்ள அவல் இடிக்கும் முறைகளையும் அவற்றுக்குரிய கலைச்சொற்களையும் தொகுப்பின் எஞ்சிய பகுதியும் துலங்கும்.