கைபேசி வழியே திருகோணமலை வரலாறு

2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நமது ஆசிரியர்கள் பலர் வட்ஸ்அப் வழியாகவே பாடக்குறிப்புகளை அனுப்பினர். அவசரத்திற்குப் பிறந்த அவ்வழக்கத்தை வரலாற்றுப் பாடத்திற்கு நிதானமாகப் பயன்படுத்தலாம். அதற்குத் திருகோணமலையை விடப் பொருத்தமான இடம் அரிது.

கோணேசர் ஆலயத்தை 1622இல் இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். அதன் வாயிலில் பாண்டியரின் கயல் சின்னத்தை இன்றும் காணலாம். (கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால், படமெடுக்க அனுமதி உண்டா என முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.) 1639இல் ஒல்லாந்தர், 1782இல் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர் எனத் துறைமுகம் கைமாறியது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்டது மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதை முதியோரிடமிருந்து கேட்டறிந்த குடும்பங்கள் கிண்ணியாவிலும் இருக்கலாம், நகரிலும் இருக்கலாம். இரு பக்க மாணவரும் ஒரே குழுவில் அவற்றைப் பதிந்தால், பாடநூல் தராத ஒன்று கிடைக்கும்.

எனினும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது வெறுப்பைப் பரப்பியதும் இதே ஊடகமே; அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாகத் தடுக்க நேர்ந்தது. பழங்கல் ஒன்று காணி வழக்காக மாறக்கூடிய இம்மாவட்டத்தில் திகதியற்ற ஒரு படமே போதும். எடுத்தவர் யார், எந்நாள், எவ்விடம், வேறெந்த ஆவணம் அதனை உறுதிசெய்கிறது என்ற நான்கிற்கும் விடையில்லாத பதிவை ஆசிரியர் ஏற்கலாகாது. கைபேசியில்லாத மாணவருக்கு அச்சுப் பிரதி வழங்குவதும் பாடசாலையின் பொறுப்பே.