கேட்டுக்கு வெளியே இருக்கும் கக்கூஸ்

கழிப்பறைச் சுத்தம் பற்றிய பேச்சு நம்மிடையே ஒழுக்கப் பேச்சாகவே நடக்கிறது. 'நம்ம ஜனங்களுக்கு கக்கூஸ் வச்சிக்கத் தெரியாது' என்பதோடு முடிந்தும் போகிறது. கக்கூஸுக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு என்பதை இந்தச் சொல்லாடல் மறைத்துவிடுகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கழிப்பறைச் சுவருக்கு 90 சென்டிமீட்டர் உயரம் டைல்ஸ் பதிக்க வேண்டும், ஏழு நாளைக்கு ஒருமுறையாவது சோப்போ கிருமிநாசினியோ போட்டுக் கழுவ வேண்டும், சுத்தம் செய்வதற்கென்றே ஆள் வைக்க வேண்டும் என்றது அது. அந்த 'ஆள்' எந்தச் சாதியிலிருந்து வருவார் என்பதை அது சொல்லவில்லை; சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மூன்றாம் பாலினத்தவருக்கும் தனிக் கழிப்பறை என்கிறது. நல்லதுதான்.

ஆனால் இத்தனை நுணுக்கமும் ஆலையின் கேட்டோடு நின்றுபோனது. ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளுக்குத் தொலைதூர மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் தங்கியது கேட்டுக்கு வெளியே. கட்டடம் ஒருவருடையது, விடுதி நடத்துவது இன்னொருவர், ஆள் சப்ளை மூன்றாமவர். குழாயில் தண்ணி வரலைன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது? அழுக்கு என்பது இங்கே பழக்கத்தால் வருவதல்ல. ஒப்பந்தச் சங்கிலியால் உற்பத்தியாவது.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற விடுதிப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். கழிப்பறையில் தண்ணீரில்லை, அறைக்கு முப்பது பேர்வரை தரையில் படுக்கிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. ஆலை 2022 ஜனவரி 12 வரை திறக்கவில்லை. விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. இதைக் கருணையின் வரலாறாக எழுதுபவர்கள் எழுதட்டும். ஐபோன் லைன் நின்றதன் வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

இந்த வாசிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 அக்டோபரில் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் ஓட்டலின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய மூன்று பேர் விஷவாயுவால் செத்தார்கள். மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கழிப்பறையைப் பயன்படுத்துகிறவருக்கு நிறுத்திவைக்க ஒரு லைன் இருந்தது. அதைச் சுத்தம் செய்கிறவருக்கு அதுவும் கிடையாது. நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அவர் எத்தனாவது இடத்தில் இருக்கிறார்?