கூலண்ட் மாசு: பழைய கார்களில் கண்டறிதல்

கூலண்ட் மாசு என்பது காரின் குளிர்விப்பு அமைப்பில் ஓடும் தண்ணீரிலோ, தண்ணீரும் உறைதடுப்பானான கிளைக்காலும் சேர்ந்த கலவையிலோ வேண்டாத பொருள் சேர்வதைக் குறிக்கும். துரு, உப்புப் படிவு, எஞ்சின் ஆயில், எரிபுகை, ஒத்துப்போகாத வேறு கூலண்ட், ஓட்டையை அடைக்கப் போட்ட பொடி ஆகியவை இதில் அடங்கும். பட்டறையில் இதற்கு நடக்கும் வழக்கமான வைத்தியம், ரேடியேட்டரைத் திறந்து ஹோஸ் வைத்துக் கழுவிவிடுவது. கழுவினால் வண்டி சில நாள் சூடேறாமல் ஓடும். ஆனால் எது கலந்தது, எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயம் சாக்கடையோடு போய்விடும். இந்தக் கோளாறில் கலங்கல் நீர்தான் முதல் சாட்சி.

மும்பையில் இதற்குப் பெரிய களமாக இருந்தது பிரீமியர் பத்மினி. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலிய ஃபியட் 1100 வண்டியை உரிமம் பெற்றுக் குர்லா ஆலையில் தயாரித்தது. 1964இல் வந்த 'டிலைட்' பிறகு 'பிரசிடென்ட்' ஆகி, 1974 முதல் 'பத்மினி' ஆனது. பெயர் எத்தனை முறை மாறினாலும் ஊர் வாயில் அது ஃபியட்தான். கறுப்பு மஞ்சள் 'காலி-பீலி' டாக்ஸியாகப் பல்லாயிரக்கணக்கில் ஓடிய இந்த வண்டிகளில் கடைசியாக டாக்ஸியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29இல். டாக்ஸிகளுக்கான 20 ஆண்டு வரம்பின்படி 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸி சாலையில் இல்லை. இப்போது மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஆசைக்காக வைத்திருப்பவர்களின் சொந்த வண்டிகள். ஓட்டம் குறைந்து நாள்கணக்கில் நிற்பதால், குளிர்விப்பு அமைப்பைப் பொறுத்தவரை இவற்றின் நிலை டாக்ஸியைவிட மோசம்.

பத்மினியின் 1089 சிசி எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். அந்தக் கால ரேடியேட்டர்கள் ஈயப் பற்றவைப்புள்ள செம்பு, பித்தளை. இத்தனை உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைகின்றன. அரிப்புத் தடுப்பான் இல்லாத நீரில் இவை தமக்குள் ஒரு பேட்டரியாகவே வேலை செய்யும். முதலில் தேய்வது அலுமினியம். ஹெட்டின் நீர்த் துவாரங்களைச் சுற்றிக் குழி விழுந்தால் கேஸ்கட் சரியாக உட்காராது. நல்ல கூலண்டில் கிளைக்காலைவிட முக்கியமானது அதிலுள்ள இந்தத் தடுப்பான்தான். ஆனால் 'ஆன்டிஃபிரீஸ்' என்ற பெயரே மும்பைக்காரரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. 1962 ஜனவரியில் பதிவான 7.4 டிகிரிதான் இந்த நகரம் கண்ட கடுங்குளிர். உறையாத ஊரில் உறைதடுப்பான் எதற்கு என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டினார்கள்.

அது எந்தத் தண்ணீர் என்பதும் கேள்விதான். மாநகராட்சித் தண்ணீர் தான்சா, வைதர்ணா, பாட்சா, விஹார், துள்சி போன்ற ஏரிகளிலிருந்து வரும் மழைநீர். அதில் கடினத்தன்மை குறைவு, படிவும் குறைவு. டேங்கரில் வருவது பெரும்பாலும் கிணற்று நீர், ஆழ்துளை நீர். அதில் சுண்ணாம்பு உண்டு, கழிமுகத்தை ஒட்டிய பகுதியானால் உப்பும் இருக்கும். தாராவியில் தண்ணீர் சில மணி நேரமே வருவதால் டிரம்மில் பிடித்து வைப்பார்கள். வண்டி சூடாகி நின்றால் கைக்கு எது கிடைக்கிறதோ அது ரேடியேட்டருக்குள் போகும். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். அதனால் மெல்லிய ஏடு படிந்தாலே சிலிண்டர் சுவரின் சூடு தண்ணீருக்கு இறங்காது.

பாட்டில் சோதனை

விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மேல்வாயில் தெரிவதை மட்டும் பார்த்தால் போதாது; அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வைக்க வேண்டும். ஆயில் இருந்தால் மேலே மிதக்கும். துருவும் சுண்ணாம்பும் அடியில் படியும். நடுவில் நிற்கும் நீரின் நிறம்தான் கூலண்டின் உண்மை நிறம்.

அடிமண்டியை ஒரு பீங்கான் தட்டில் பரப்பிப் பார்க்கலாம். கருப்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால், அது காற்று அதிகம் புகாத இடத்தில் உண்டான இரும்பு ஆக்சைடு. பிளாக்கின் உட்புறம் தேய்கிறது. செந்நிறத் துரு காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது. அது அமைப்புக்குள் காற்று புகுவதைக் காட்டும். வெளுத்த பொருக்கின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூளைப் போடுவது லாரிக்காரர்கள் முதல் டாக்ஸிக்காரர்கள் வரை நாடெங்கும் உள்ள பழக்கம். தூள் ஊறிப்போய் சிறு துளையை அடைக்கும், உண்மைதான். கூடவே ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதைப் போல, காரத்தன்மையுள்ள கூலண்டில் விழுந்த மஞ்சளும் செம்பழுப்பாக மாறும். பார்ப்பவர் துரு என்றே நினைப்பார். அதே எலுமிச்சைச் சாறு இதையும் பிரித்துக் காட்டும்: மஞ்சளானால் நிறம் திரும்பும், துரு அப்படியே இருக்கும். இது அண்மையில் போட்ட தூளுக்கே பொருந்தும். நாள்பட்டுச் சூட்டில் வெந்த மஞ்சள் நிறம் சிதைந்துவிடும். அப்போது வண்டிக்காரரைக் கேட்பதுதான் சோதனை.

ஆயிலும் தண்ணீரும்

எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட அதிகம். எனவே கேஸ்கட்டிலோ ஹெட்டிலோ இரண்டு பாதைகளுக்கும் இடையே வழி திறந்தால் ஆயில் முதலில் தண்ணீருக்குள் வரும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்யமாகும், ரேடியேட்டரில் அழுத்தம் சிறிது நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிர்விப்பான் இருக்கும், அது ஓட்டையானால் இளஞ்சிவப்புக் குழம்பு தெரியும். பத்மினியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளிர் காப்பி நிறக் களிம்பைக் கண்டவுடன் 'ஹெட் கேஸ்கட் போச்சு' என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். மழைக்காலத்தில் மாட்டுங்காவிலிருந்து பக்கத்திலுள்ள சயான் வரை போய்த் திரும்பும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே வேர்க்கும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து அதே களிம்பாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டியில் இது இன்னும் அதிகம். 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு' என்று அதைக் கழற்றுவது மிஸ்திரிகளிடம் ஊறிப்போன வழக்கம், தவிர்க்க வேண்டியதும்கூட. டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, பாட்டிலிலும் ஆயில் மிதக்கவில்லை என்றால் அது வெறும் வேர்வை.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மீத்தி ஆறு குர்லாவையும் தாராவியையும் மூழ்கடித்தது. அப்படி மூழ்கும் எஞ்சினில் காற்று வடிகட்டி, டிப் ஸ்டிக் வழியாக நீர் புகுந்து ஆயில் பால் நிறமாகும்; மூடிய அமைப்பான ரேடியேட்டருக்குள் பெரும்பாலும் எதுவும் போகாது. ஆயில் கெட்டு கூலண்ட் தெளிவாக இருந்தால் கேஸ்கட்டைக் குறை சொல்லும் முன் வண்டி எங்கே நின்றது என்று விசாரிக்க வேண்டும்.

எரிபுகை

கேஸ்கட் சிலிண்டருக்கும் நீர்ப்பாதைக்கும் இடையே உடைந்தால் ஆயில் கலக்காமலே போகலாம். அதன் அடையாளங்கள்: ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைப்பது, மூடி திறந்த வாயில் விடாமல் குமிழி வருவது, புதிதாக ஊற்றிய கூலண்ட் சில வாரத்தில் அமிலமாவது. தண்ணீர் குடிக்கும் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் மற்ற மூன்றையும்விட வெளுத்துச் சுத்தமாக இருக்கும். உறுதி செய்ய, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை உண்டு. புரோமோதைமால் நீலம் கலந்த அந்தத் திரவம், எரிபுகையின் கார்பன் டை ஆக்சைடு பட்டதும் மஞ்சளாகும்.

மும்பை டாக்ஸிகளுக்கு இதிலும் ஒரு விலக்கு உண்டு. சிஎன்ஜிக்கு மாறிய வண்டிகளில் வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் குளிர்ந்து உறையாமல் இருக்க எஞ்சினின் சூடான நீரையே அதற்குள் சுற்றவிடுவார்கள். உள்ளே கசிவு ஏற்பட்டால், அபூர்வமாக, வாயு நேராகக் கூலண்டில் கலக்கும். குமிழி வரும், நீலத் திரவம் நிறம் மாறாது. அந்த நிலையில் அருகே தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது. கேஸ் வால்வை மூடிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

கலப்பும் கசிமின்னும்

கூலண்டின் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று பொதுவான விதி கிடையாது. டப்பாவில் ஐஎஸ் 5759 போன்ற தர எண்ணையும் தடுப்பானின் வகையையும் பார்க்க வேண்டும். சிலிக்கேட் உள்ள பழைய வகையோடு கரிம அமில வகையைக் கலந்தால் தடுப்பான் வீணாகும், சில சமயம் கூழாகத் திரளும். ஈயப் பற்றவைப்புள்ள ரேடியேட்டருக்குப் பழைய வகையே பொருத்தம். நல்ல கூலண்டின் பிஹெச் பொதுவாக 7.5க்கும் 11க்கும் இடையில் இருக்கும். 7க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிட வேண்டும். கிளைக்கால் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் தடுப்பான் மிச்சமிருக்கிறதா என்று சொல்லாது.

கூலண்டுக்குள் கசியும் மின்னழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்மின்முனையிலும் மற்றொன்றை உலோகத்தில் படாமல் கூலண்டிலும் வைத்து, எல்லாவற்றையும் அணைத்தும் பிறகு ஹெட்லைட், ஸ்டார்ட்டரை இயக்கியும் பார்ப்பார்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலண்ட் கெட்டிருக்கலாம். ஸ்டார்ட்டரை இயக்கும்போது மட்டும் ஏறினால் எர்த் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே கழுவல். சுண்ணாம்புக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம் போதும், நிறைய தண்ணீரால் அலசியெடுக்க வேண்டும். பழைய பிளாக்கில் துருவே அடைப்பாக நின்று ஓட்டையை மறைத்திருப்பதுண்டு. கழுவிய மறுநாள் வெல்ச் பிளக்கிலோ ரேடியேட்டர் அடியிலோ ஒழுகினால் அது கழுவியதால் வந்த கேடல்ல, முன்பே இருந்தது. ரேடியேட்டருக்கு மறு கோர் போடுவதும், குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய பாகம் தேடுவதும் அப்போதுதான் தொடங்கும். நிரப்புவதற்குக் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிப் பாதி. வடித்த பழைய கூலண்டைத் தெருவோரம் ஊற்றக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும்.