மவுண்ட்பேட்டன் காலத்து ஜீப்பும் ஒரு றேடியேற்றரும்

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியற் பூங்கா படைமுகாமாயிற்று. அக்காலப் படைவண்டி ஜீப். வில்லிஸ், ஃபோர்ட் நிறுவனங்கள் போர்க்காலத்தில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன.

அத்தகைய பழைய வண்டி இன்று கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறுகையில் முதலிற் சோர்வது றேடியேற்றரே. துருவும் படிவும் குழாய்களை அடைக்க, நீர் கொதித்துவிடும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின் கப்பற்கூலியும் சுங்கத் தீர்வையும் விலையை ஏற்றிவிடும்.

மலிவான வழி பழையதிலேயே இருக்கிறது. செம்பும் பித்தளையுமாய் ஈயப்பற்று வைத்து ஒட்டிய றேடியேற்றர் அது. பற்றை உருக்கி, மேல், கீழ்த் தொட்டிகளைக் கழற்றி, நடுக்கூட்டை மட்டும் புதிதாக்கலாம். இன்றைய அலுமினிய, பிளாஸ்ரிக் வகைகளில் இவ்வாறு செய்ய இயலாது.

தலைமையகம் 1945இல் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. எஞ்சிய தொட்டியையும் பழைய இரும்புக்கு எடைபோட்டுவிடாதீர்கள். செலவு குறைவதும் அதனால்தான். வரலாறு மிஞ்சுவதும் அதில்தான்.